அறியாதது எது?

"யூ.எஸ்.பி. டிவைஸ் நொட் ரெகக்னைஸ்ட்" என்பது நான்கு சொற்களாலான ஓர் ஆங்கிலத் தொடர். கணினியோடு பழகுவோர் அதனை ஒருமுறையேனும் கண்டிருப்பர். கருவியொன்றைச் செருகியதும் திரையின் மூலையில் அத்தொடர் எழும், சிறிது நேரம் நிற்கும், மறைந்துவிடும். எங்கள் கல்லூரிக் கணித ஆசிரியர் அதற்குச் செய்யும் தமிழாக்கம், "சாமான் போச்சு" என்பது. கடைக்காரர் செய்யும் தமிழாக்கம், "புதிது வாங்குங்கோ" என்பது. இரண்டும் பிழையான மொழிபெயர்ப்புகள் என்பது என் கருத்து. இத்தகைய மொழிபெயர்ப்பினால் ஒரு நூல் முழுவதும் அழிந்துபோக இருந்ததை நேரிற் கண்டேன். ஆதலின் இதனை எழுதுகின்றேன்.

அத்தொடரைச் சற்று இலக்கணக் கண்கொண்டு நோக்குக. "கருவி அறியப்படவில்லை" என்பது அதன் நேர்ப்பொருள். இது செயப்பாட்டுவினை. செயப்பாட்டுவினையிற் செயப்படுபொருள் எழுவாயாய் முன்னே வந்து நிற்கும். செய்தவன் மூன்றாம் வேற்றுமை ஏற்று ஒதுங்குவான். சிலவிடத்து அடியோடு மறைந்தும் போவான். "கோயில் கட்டப்பட்டது" என்றால் அரசனும் தெரியான், சிற்பியும் தெரியான், கோயில் ஒன்றே தெரியும். அங்ஙனமே இங்கும் கருவி ஒன்றே கண்முன் நிற்கின்றது. அறியாதது எது? கணினி. தன் அறியாமையைத் தானே அறிவிக்கின்ற கணினி, தன் பெயரை மறைத்துக்கொண்டு கருவியின் பெயரை முன்னே நிறுத்திவிட்டது. பழி எங்கே போய் விழும்? முன்னே நிற்பதன் தலையிலே விழும்.

"கணினி இக்கருவியை அறிந்திலது" என்று செய்வினையாற் சொல்லியிருந்தால், படித்தவன் அடுத்த வினாவைத் தானே வினாவியிருப்பான்: ஏன் அறிந்திலது?

சகுந்தலை அரசவையில் வந்து நின்றபோது துஷ்யந்தன் அவளை அறிந்திலன். அதனால் அவள் சகுந்தலை அல்லள் ஆகிவிட்டாளா? சாபம் தொட்டது அரசனுடைய நினைவை. அடையாள மோதிரம் கிடந்தது மீனின் வயிற்றில். சகுந்தலையிடத்து ஒரு குறையும் இல்லை. நாடகத்தைப் படித்துக் கண் கலங்கும் நாம், கணினிக்கு முன் அமர்ந்தவுடன் அரசன் பக்கம் சேர்ந்துவிடுகின்றோம்.

நிகழ்ந்ததைச் சொல்கின்றேன்.

எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் முப்பது ஆண்டுகளாக ஊர்வழக்குச் சொற்களைத் திரட்டிவந்தார். தோட்டஞ் செய்வோர் சொற்கள், கடலுக்குப் போவோர் சொற்கள், பனையோடு வாழ்வோர் சொற்கள் என வகைப்படுத்தி, ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டாகப் பதினோராயிரஞ் சீட்டுகள் எழுதிவைத்திருந்தார். அகராதியிலே காணப்படாத சொற்களே அவற்றுட் பல. அவர் காலமான பின் அவருடைய மகன் அச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு வன்தட்டிற் சேர்த்தார். சீட்டுப் பெட்டிகளைப் பின்னர் கறையான் கொண்டுபோயிற்று. வன்தட்டு என் கைக்கு வந்தது. பதிப்பிப்பதற்கு ஆவன செய்ய வேண்டும் என்ற கடிதமும் உடன் வந்தது. வேறு பிரதி இல்லை. ஒரு படி எடுத்துவைக்க மகனுக்குத் தோன்றவில்லை. படி உண்டோ என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. ஏட்டுப் பிரதிகளின் அருமையை வகுப்பிலே மணிக்கணக்காகப் பேசுகின்றவன் நான்.

கல்லூரி அலுவலகக் கணினியின் முன்பக்கத் துளையில் அதனைச் செருகினேன். வன்தட்டின் சிறு விளக்கு மினுங்கியது. உள்ளே ஏதோ சுழல முயன்று, நின்று, மீண்டும் முயன்றது. திரையின் மூலையில் அந்த நான்கு சொற்கள் எழுந்தன.

"டிஸ்க் போச்சு, பண்டிதர்" என்றார் கணித ஆசிரியர்.

"துளையிலே பழுது இருக்குமோ?" என்றேன்.

"அது எப்படி இருக்கும்? இவ்வளவு நாளும் மவுஸ் அந்தத் துளையிலேதானே வேலை செய்தது" என்றார்.

அவர் காட்டிய ஏது மறுக்கவொண்ணாதது போலத் தோன்றியது. கணிதம் கற்றவர் சொல்லும் நியாயத்தை இலக்கணம் கற்றவன் எங்ஙனம் மறுப்பது? வன்தட்டைத் துணியிற் சுற்றிக்கொண்டு பட்டணத்துக் கடையொன்றுக்குப் போனேன்.

கடையில் இருந்த இளைஞர் அதனைத் தம் கணினியிற் செருகினார். நான்கு சொற்கள் வரவில்லை. எனக்கு உயிர் வந்தது. ஆனால் வேறொரு பெட்டி திரையின் நடுவே எழுந்தது. இத்தட்டைப் பயன்படுத்துமுன் போர்மட் செய்தல் வேண்டும், செய்ய விரும்புகின்றீரா என்று அது வினாவியது.

"உள்ளுக்கு ஒண்டும் இல்லை ஐயா. போர்மட் பண்ணினால் டிஸ்க் வேலை செய்யும். பண்ணட்டோ?" என்றார் இளைஞர்.

போர்மட் என்பது இன்னதென்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரியாது. "வேலை செய்யும்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. "சரி" என்று சொல்ல வாயெடுத்தேன் என்று எழுதினால் என் மானம் காப்பாற்றப்படும். உண்மை அதுவன்று. சொல்லியே விட்டேன்.

பக்கத்துக் கதிரையில் ஏதோ அச்செடுப்பதற்குக் காத்திருந்த பெண்ணொருத்தி எழுந்து வந்தாள். முன்னர் என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது பல்கலைக்கழகத்திற் கணினி பயில்பவள்.

"பொறுங்கோ ஐயா. அண்ணை, அதை அமத்தாதேங்கோ. உள்ளுக்கு ஒண்டும் இல்லையெண்டு ஆர் சொன்னது?"

"கொம்பியூட்டர் சொல்லுதே."

"கொம்பியூட்டர் அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை. தன்னால வாசிக்க ஏலாமல் கிடக்கு எண்டுதான் அதுக்குக் கருத்து."

பின்பு என் பக்கம் திரும்பி, "ஐயா, இதை அனுப்பினவர் என்ன கொம்பியூட்டர் பாவிக்கிறவர்?" என்று கேட்டாள்.

அந்த வினாவின் அருமை எனக்கு அப்போது விளங்கவில்லை. அது விளங்குவதற்கு, கணினி ஒரு கருவியை எங்ஙனம் அறிகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அவளிடங் கேட்டும் பின்னர் படித்தும் தெளிந்தவற்றை இங்கே தருகின்றேன்.

யூ.எஸ்.பி. என்பதிலுள்ள முதலெழுத்து "உலகப் பொது" என்னும் பொருளுடையது. முன்னைய கணினிகளில் விசைப்பலகைக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு வேறொரு துளை, மோடத்திற்கு மற்றொரு துளை என்று சாதி பிரித்து வைத்திருந்தார்கள். எல்லாக் கருவிக்கும் ஒரே வாயில் என்ற எண்ணத்தோடு ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்த நெறியின் முதற் பதிப்பு 1996 ஆம் ஆண்டு சனவரியில் வந்தது. இன்ரெல் நிறுவனத்தில் இம்முயற்சிக்கு முன்னின்றவர் அஜய் பட். இந்தியாவில் வடோதராவிலே கல்வி கற்றவர். இதன் அடையாளக் குறியைக் கேபிளின் தலையிற் காணலாம். மூன்று கிளையுள்ள சூலம் அது. ஒரு கிளை நுனியில் வட்டம், ஒன்றில் முக்கோணம், ஒன்றிற் சதுரம். பலதிறக் கருவிகளும் ஒரு தண்டிலே வந்து கூடும் என்பது கருத்துப் போலும். சைவனாகிய எனக்குச் சூலத்தைக் கண்டதும் ஒரு நம்பிக்கை பிறந்தது என்பதையும் மறைக்கவில்லை.

வாயில் ஒன்றானாலும் வழக்குகள் தீர்ந்துவிடவில்லை. 1998 ஆம் ஆண்டு ஏப்ரிலிற் சிக்காகோ நகரிலே, விண்டோஸ் 98 வெளிவருமுன், பில் கேற்ஸ் அவர்கள் மேடையில் நிற்க, அவருடைய உதவியாளர் ஸ்கானர் ஒன்றை யூ.எஸ்.பி. வழியே இணைத்துக் காட்டினார். இணைத்ததும் கணினி நிலைகுலைந்து திரை நீலமாகிவிட்டது. சபை சிரித்தது. ஆக்கியோன் முன்னிலையிலேயே அறியாமற்போன பொறி, நம் முன்னிலையில் அறியாமற்போவதில் வியப்பென்ன?

யூ.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள்ளே நான்கு கம்பிகள் உண்டு. சிவப்புக் கம்பி 5 வோல்ற்று மின்னைக் கொண்டுபோகும். கறுப்புக் கம்பி மின் மீளும் வழி. பச்சையும் வெள்ளையும் செய்தி பேசுவன. செருகியின் உள்ளே பார்த்தால் மின்னுக்குரிய இரண்டு தகடுகளும் சற்று நீண்டிருக்கும். செய்திக்குரியவை சற்றுக் குறுகியிருக்கும். மின் முன்னே சேரவேண்டும், பேச்சுப் பின்னே தொடங்கவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. உணவிட்ட பின்னரே ஊர்ப் புதினம் கேட்பது நம் வழக்கமுமாகும்.

மின் பெற்ற கருவி, செய்திக் கம்பி இரண்டனுள் ஒன்றை 1.5 கிலோ ஓம் தடையொன்றின் வழியாக மேலிழுக்கும். அக்கம்பியின் மின்னழுத்தம் உயர்ந்ததும், ஏதோ வந்து சேர்ந்தது என்று கணினிக்குத் தெரியும். ஏதோ ஒன்று என்பதற்கு மேல் தெரியாது. சித்தாந்த சாத்திரத்தில் அளவை படித்தவர்கள் இதற்கு உடனே பெயர் சொல்லிவிடுவார்கள். நிருவிகற்பக் காட்சி. பொருள் உண்டு என்ற அளவில் நிற்கும் அறிவு அது. பெயர் முதலியன தோன்றா.

அதன்பின் கணினி, "நீ யார்?" என்று வினாவும். கருவி தன்னைப் பற்றிப் பதினெட்டுப் பைற்று அளவில் ஒரு குறிப்பைத் தரும். தன்னைச் செய்தவர்க்குரிய எண், தன் எண், தான் பேசும் நெறியின் பதிப்பு முதலியன அதில் இருக்கும். கணினி அதற்கு 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்றைச் சூட்டும். விசைப்பலகை இனமோ சேமிப்பு இனமோ என்று கேட்டறியும். அதனை நடத்துதற்குரிய டிரைவர் என்னும் மென்பொருளைத் தேடிப் பிடிக்கும். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தும் விளங்க அறிவது சவிகற்பக் காட்சி என்று படித்தோமல்லவா? இது அதுவே.

நான்கு சொற்களும் எழுவது பெரும்பாலும் இவ்விரண்டு காட்சிகளுக்கும் இடையில். ஏதோ வந்தது என்று தெரிந்தது. யார் என்று கேட்டதற்கு விடை வரவில்லை, அல்லது வந்த விடை குழறியது. ஆகவே அத்தொடர் மரண அறிவித்தல் அன்று. கதவு தட்டிய ஒலி கேட்டது என்பதற்கு அதுவே சாட்சி. கேபிளில் மின் ஓடியிருக்கின்றது, கருவி மூச்சுவிட்டிருக்கின்றது, பேச்சு மட்டும் சரியாகச் சென்று சேரவில்லை. சாகாத ஒன்றைச் செத்ததென்று எண்ணிக் குப்பையில் இடுகின்றோம்.

ஒரு சொல்லும் எழாது, ஓர் ஒலியும் கேளாது கணினி மௌனமாயிருந்தால் அது வேறு நோய். அங்கே நிருவிகற்பமும் நிகழவில்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிளாக இருக்கும். மலிவு விலையில் விற்கப்படும் சில கேபிள்களில் மின்னுக்குரிய இரண்டு கம்பிகளே உண்டு. செய்திக் கம்பிகள் இல்லவே இல்லை. கைத்தொலைபேசி அதனாற் சார்ஜ் ஆகும். ஆதலின் கேபிள் நல்லதென்று எண்ணுவோம். ஊமைக்கு உண்ணமுடிகின்றது என்பதனால் பேசவும் முடியும் என்று முடிவுகட்டுவது போன்றது அது. அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலோ இன்னொரு நுட்பம் உண்டு. நல்ல கேபிளானாலும், கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தொலைபேசியின் திரையிலே தெரிவு செய்யும்வரை அது உணவு மட்டும் கொண்டு வாய்மூடியிருக்கும்.

இனி, கணித ஆசிரியர் காட்டிய ஏதுவுக்கு வருகின்றேன். மவுஸ் வேலை செய்த துளை நல்ல துளை என்பது அவர் வாதம். மவுஸ் வினாடிக்கு 1.5 மெகாபிற்று என்னும் மெல்லிய வேகத்திலே பேசவல்லது. மின்னும் மிகச் சிறிதே உண்பது. வன்தட்டோ சுழலும் பொறி. சுழலத் தொடங்கும்போது அதற்குப் பசி மிகுதி. யூ.எஸ்.பி. 2.0 துளையொன்று கொடுக்கக் கடமைப்பட்டது 500 மில்லியம்பியர், 3.0 துளையானால் 900. பேச்சு வேகமும் 2.0 நெறியில் வினாடிக்கு 480 மெகாபிற்று வரை செல்லும். மேசைக் கணினியின் பின்பக்கத் துளைகள் தாய்ப்பலகையோடு நேரே பொருந்தியவை. முன்பக்கத் துளைகளோ பெட்டிக்குள்ளே மெல்லிய வயர் ஒன்றினால் தாய்ப்பலகையோடு தொடுக்கப்பட்டவை. அவ்வயர் தளர்ந்தாலும் தேய்ந்தாலும், சிறுகுரலிற் பேசும் மவுஸுக்கு இடையூறில்லை. வேகமாய்ப் பேசி நிறைய உண்ணும் வன்தட்டுக்கு இடையூறு உண்டு. சிறு பிள்ளையைத் தாங்கிய கிளை யானையைத் தாங்கும் என்று சாதிப்பதை ஏதுப்போலி என்பர் தருக்க நூலார். அதனை அப்போதே மறுக்க எனக்கு வாய் வந்திருந்தால், கடைக்குப் போகும் வேலையே இருந்திராது.

எது குற்றவாளி என்பதைத் துணிதற்கு அம்மாணவி கைக்கொண்ட முறை எனக்குப் பழக்கமான முறையே என்பதைக் கண்டு மகிழ்ந்தேன். பதிப்பாசிரியர் ஏடுகளை ஒப்புநோக்கும் முறை அது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஒரு பாடத்தை ஓர் ஏட்டை மட்டும் நம்பித் துணிந்தவரல்லர். பல ஏடு தேடியவர். இங்கும் ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாற்றாதிருத்தல் வேண்டும். அதே கேபிள், வேறு துளை. அதே துளை, வேறு கேபிள். அதே கேபிளும் துளையும், வேறு கருவி. பின்னர் வேறு கணினி. நாம் செய்வதோ, கேபிளையும் துளையையும் ஒருங்கே மாற்றி, இரண்டு தரம் ஊதி, மூன்று தரம் தட்டி, வேலை செய்துவிட்டால் எதனாற் செய்ததென்று தெரியாமலே மகிழ்வது. அடுத்த கிழமை மீண்டும் அதே தொல்லை வரும்போது எதனை ஊதுவது?

துளையும் கேபிளும் குற்றமற்றவை என்று கண்டால், அரசனுடைய நினைவைத் தெளிவித்தல் வேண்டும். கணினியை அணைத்து மூட்டினேன், பயனில்லை என்பார் பலர். 2012 ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 8 முதலாக, அணைத்தல் என்பது முழுமையான அணைத்தல் அன்று. விரைவாக எழும்பொருட்டு, உள்நினைவின் ஒரு பகுதியைத் தட்டில் எழுதிவைத்துக்கொண்டு உறங்கும் ஏற்பாடு அதில் உண்டு. பழைய மயக்கம் விடிந்த பின்னும் தொடரலாம். ரீஸ்ராட் என்பதைத் தெரிந்தாலே முற்றாகப் புதிதாய்த் தொடங்கும். இதனை அறிந்தபோது, அணைத்தலும் மூட்டலும் வேறு, மீள மூட்டல் வேறு என்ற சொல்நுட்பம் கண்டு வியந்தேன். டிவைஸ் மனேஜர் என்னும் பட்டியலைத் திறந்து, மஞ்சட் குறியிட்ட கருவியை அங்கிருந்து நீக்கிவிட்டு, கழற்றி மீளச் செருகுவதும் ஒரு வழி. நீக்குவது கணினி அக்கருவியைப் பற்றி எழுதிவைத்த குறிப்பையே; கருவியில் உள்ளவை எவையும் நீங்கா. அப்பட்டியலில் 43 என்னும் எண்ணோடு ஒரு செய்தி வருவதுண்டு. கருவி குறைகளைத் தெரிவித்தமையால் விண்டோஸ் அதனை நிறுத்திவிட்டது என்பது அதன் கருத்து. இங்கே வாக்கியம் செய்வினையாய் இருப்பதைக் கவனிக்க. அறியாதபோது மறைந்துகொண்ட அரசன், தண்டிக்கும்போது பெயரோடு வருகின்றான்.

எங்கள் வன்தட்டுக்குக் கடையில் இவையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அங்கே துளையும் நன்று, கேபிளும் நன்று. கணினி அதனை வன்தட்டென்றே சவிகற்பமாக அறிந்துவிட்டது. பெட்டி திறந்தது, உள்ளே எழுதியிருந்ததைத்தான் வாசிக்க முடியவில்லை. மாணவி அங்கிருந்தே மகனோடு தொலைபேசியிற் பேசினாள். அவர் விண்டோஸ் பாவிப்பவரல்லர். லினக்ஸ் வகையில் ஒன்றாகிய உபுண்டு பாவிப்பவர். லினக்ஸ் கணினிகள் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளுள் ஒன்றுக்கு எக்ஸ்ற் 4 என்று பெயர். விண்டோஸுக்கு அந்த முறை தானாக விளங்காது. விளங்காத எழுத்தைக் கண்டதும், "விளங்கவில்லை" என்று அது சொல்லவில்லை. "போர்மட் செய்தல் வேண்டும்" என்றது.

கிரந்த எழுத்தில் எழுதிய ஏட்டுக்கட்டொன்றைத் தமிழெழுத்து மட்டும் அறிந்த ஒருவரிடம் கொடுக்கின்றோம் என்று வைத்துக்கொள்க. அவர், "எனக்கு இந்த எழுத்துத் தெரியாது" என்றால் அது நேர்மை. "இதில் ஒன்றும் இல்லை, சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதுவோமா?" என்றால் அவரை என்ன செய்வது? ஏட்டில் எழுத்து மங்கியிருந்தால் மையாடித் தெளிவாக்கிப் படித்தார்கள் நம் முன்னோர். படிக்கத் தெரிந்தவரைத் தேடி ஊரூராகப் போனார்கள். வாசிக்க மாட்டாதவன் கையிற் சுரண்டுகோலைக் கொடுக்கவில்லை.

போர்மட் என்பதை அழுத்தியதும் எல்லாம் நொடியில் அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அழுத்திய பின்னும் கணினி இன்னொருமுறை எச்சரிக்கும். யாவும் அழியும் என்று அப்போதுதான் சொல்லும். விரைவான போர்மட் எனின், அட்டவணையே பெரிதும் மாற்றி எழுதப்படும். அதன்மேல் வேறொன்றையும் எழுதாதிருந்தால், வல்லவர் கையிற் பலவற்றை மீட்கவும் கூடும். ஆயினும் முதல் வினாவுக்கு "சரி" என்றவன் இரண்டாம் வினாவைப் படிப்பானா? நான் படித்திருக்க மாட்டேன். "தட்டைப் பயன்படுத்துமுன்" என்ற முதற்றொடரே மயக்கந் தருவது. பயன்படுத்த விரும்பியே செருகினோம், பயன்படுத்துவதற்கு வேண்டிய கருமம் என்று கணினி சொல்கின்றது, மறுப்பாரும் உளரோ? "இதில் உள்ள எழுத்து எனக்கு விளங்கவில்லை, நீர் இசைந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எனக்கு விளங்கும் முறையில் வெற்றுத் தட்டாக்குவேன்" என்பதே உண்மையான வாசகம். அவ்வாசகத்திற்கு எந்த ஆசிரியரும் "சரி" சொல்லார்.

மாணவி தன் மடிக்கணினியை மறுநாட் கொண்டுவந்தாள். அதில் லினக்ஸும் இருந்தது. வன்தட்டைச் செருகினாள். ஒரு வினாவும் எழவில்லை. மூன்று பிரிவுகளும் வரிசையாக நின்றன. முதலிலே திறந்த சீட்டு "சத்தகம்" என்னும் சொல்லுக்குரியது. என் ஆசிரியருடைய கையெழுத்து; "ச" வின் தலையைச் சற்றே நீட்டி எழுதும் அவருடைய வழக்கம்; அடியிலே, அச்சொல்லைத் தமக்குச் சொன்ன பெட்டியிழைக்கும் கிழவியின் ஊரும் திகதியும். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பிள்ளை அதனைக் காணாதவள் போலப் படியெடுக்கும் வேலையைத் தொடங்கினாள். இரண்டு படிகள். ஒன்று என்னிடம், ஒன்று மகனிடம், மூலத்தோடு மூன்று.

எங்கள் மாணவர்க்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாக உண்டு. உறுப்புகளின் பெயர்களை நன்றாகச் சொல்கின்றார்கள். அதனை நான் குறைகூறவில்லை. ஆனால் திரையில் ஒரு தொடர் எழும்போது அதனைப் படித்துப் பொருள்கொள்ளும் பயிற்சி, கணினிப் பாடத்தைக் காட்டிலும் மொழிப் பாடத்துக்கே உரியது என்பேன். தமிழ் வினாத்தாளிற் கிரகித்தற் பகுதி இருக்கின்றது. ஒரு பந்தியைக் கொடுத்து வினாக்கள் கேட்கின்றோம். கணினியின் செய்தி ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்து, "இதன் எழுவாய் யாது? வினைமுதல் யாது? சொல்லப்பட்டது எது? சொல்லப்படாதது எது?" என்று ஏன் கேட்கலாகாது? இதனை ஆசிரியர் கூட்டமொன்றிற் சொன்னேன். சிலர் சிரித்தனர். ஒருவர், பென் ட்ரைவ் ஒன்று பெரிய விலையா, போனால் இன்னொன்று வாங்கலாமே என்றார். பென் ட்ரைவ் வாங்கலாம். அந்தக் கிழவியின் சொல் எந்தக் கடையில் விற்கின்றது?

எப்போதும் கருவி குற்றமற்றது என்று சாதிக்கவும் நான் வரவில்லை. தட்டுக்கள் உண்மையாகவே பழுதாவதுண்டு. வன்தட்டு கீழே விழுந்து, உள்ளே "டிக், டிக்" என்று ஒலி செய்யுமானால், மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பதும் தீங்கு. அப்போது உடனே நிறுத்தி, மீட்கும் தொழிலறிந்தவரிடம் கொடுத்தல் வேண்டும். பென் ட்ரைவின் கழுத்து முறிவதும் உண்டு. அவ்விடத்துப் பழி கருவிக்கே. ஆனால் அது விசாரணையின் முடிவாக இருத்தல் வேண்டும்; தொடக்கமாக இருத்தலாகாது.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் கணித ஆசிரியரை அழைத்து, அலுவலகக் கணினியிற் சோதனையை அவர் கையாலேயே செய்வித்தேன். படியெடுத்தாயிற்று, ஆதலின் அச்சமில்லை. அதே வன்தட்டு, அதே கேபிள். முன்பக்கத் துளையில் நான்கு சொற்கள். பின்பக்கத் துளையில் உடனே அறிமுகம். கேபிளை மாற்றி முன்பக்கத்திற் செருகினோம்; மீண்டும் நான்கு சொற்கள். அவர் சிறிது நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். "மவுஸ் நிரூபணமாகாது" என்றார். நேர்மையான மனிதர்.

ஒரு துண்டுக் கடதாசியில், "இத்துளையில் வன்தட்டு அறியப்படாது" என்று எழுதி முன்பக்கத்தில் ஒட்டினேன். அவர் அதனைப் படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கடைசிச் சொல்லை வெட்டினார். இப்போது அது, "இத்துளையில் வன்தட்டைக் கணினி அறியாது" என்று இருக்கின்றது. இரண்டாம் வேற்றுமை உருபையும் ஒற்றையும் அவரே சேர்த்தார்.